நிலாவை அவிழ்த்தது யார்?

“கையை எடுங்கம்மா. அது சாட்சி” என்றார் நாடகக் குழுத் தலைவர்.

அண்ணி எடுக்கவில்லை. மேடையின் ஓரத் திரைக்குப் பின்னால், சுவரில் பதித்திருந்த மரக்கட்டையிலிருந்து தொங்கிய கயிற்றைத் தூக்கி இப்படியும் அப்படியும் பார்த்தாள்.

“சாட்சின்னா வாயைத் திறந்து பேசணுமே. என்ன சொல்லுதாம்?”

“உங்க வீட்டுக்காரர் ஒழுங்காக் கட்டலைன்னு சொல்லுது.”

எனக்கு ரத்தம் கொதித்தது. தலைவருக்குத் தொழில் மூக்குக் கண்ணாடிக் கடை. ஊரில் பாதிப் பேருக்குக் கண்ணைத் திறந்து வைத்தவர், இந்தக் கயிற்றுப் பக்கத்தில் வந்துகூடப் பார்க்கவில்லை. பார்க்காமலே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

“ஒருநாள் உங்க கடைக்கு நீங்களே போய்க் கண்ணைக் காட்டிட்டு வாங்க சார்” என்றேன்.

“தம்பி, வாயை மூடு” என்றாள் அண்ணி. மூடினேன். முழுசாக மூடவில்லை.

அண்ணி துப்பறிகிறவள். சலவைக் கடைக்கு மேலே ஒற்றை அறை ஆபீஸ். நான் அவளுடைய கொழுந்தன், உதவியாளன். வண்டி ஓட்டுவதும் வாய் ஓட்டுவதும் என் பொறுப்பு. இதுவரை ஊரார் வழக்குகளைத்தான் எடுத்திருக்கிறோம். இது வீட்டு வழக்கு. மாட்டிக்கொண்டு முழிப்பவன் என் கூடப்பிறந்த அண்ணன்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் அடுத்தவர்களைப் பத்திரமாக ஏற்றி இறக்கிவிட்டு, சாயங்காலம் இந்த நாடகக் குழுவுக்குக் கயிறு இழுக்க வந்துவிடுவான். குழுவில் யாருக்கும் நடிப்பு தொழில் இல்லை, எல்லாருக்கும் ஆசைதான். இந்தத் தடவை அவர்கள் எடுத்த நாடகம் ‘நிலா கேட்ட இளவரசி’. காதல் கதை, சிரிப்புக் கதை, தொடக்கம் முதல் கடைசிவரை பாட்டு. தண்ணீர் கேட்பதும் பாட்டு, கதவைச் சாத்துவதும் பாட்டு. நிலாவை இறக்கித் தருகிறவனுக்குத்தான் கழுத்தை நீட்டுவேன் என்று அடம்பிடிக்கிறாள் இளவரசி. தெருவிளக்கு ஏற்றுகிற ஒருவன் அவளை மயக்கப் பார்க்கிறான். கடைசியில் இளவரசியே நிலாவில் உட்கார்ந்து இறங்கி வருவாள்.

நிலா என்பது பலகையில் அறுத்து வெள்ளிக் காகிதம் ஒட்டிய பிறை. மேலே ஓர் உருளை. அதில் போட்ட கயிற்றின் ஒரு முனையில் நிலா, மறுமுனை இந்தக் கட்டையில். இளவரசி பின்பக்க ஏணியில் ஏறி நிலாவில் உட்காருவாள். விளக்கெல்லாம் அணையும். இருட்டில் அண்ணன் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவான்.

முந்தாநாள் ஒத்திகையில் நிலா இறங்கவில்லை, விழுந்தது. இளவரசிக்குக் கால் எலும்பு முறிந்தது. இன்று ஆறு மணிக்குக் கமிட்டி கூடி அண்ணன்மேல் போலீஸில் புகார் கொடுக்கப்போகிறது. அதுவரைகூடப் பொறுக்காமல் யாரோ ஒரு புண்ணியவான் அவன் கம்பெனிக்குப் போன் போட்டு, ‘ஒரு பலகையைக் கட்டத் தெரியாதவன் கையிலயா லிஃப்டைக் கொடுத்திருக்கீங்க?’ என்று கேட்டிருக்கிறான். முதலாளி நேற்றே அண்ணனின் சாமான் பையை வாங்கி வைத்துக்கொண்டார். புகார் போனால் பை திரும்பி வராது. இந்தக் கம்பெனி மட்டுமல்ல, எந்தக் கம்பெனியும் அவனைக் கயிற்றுப் பக்கம் விடாது.

“போன் போட்டது யாரு?” என்றாள் அண்ணி.

“நான்தான்! அதுக்கு என்ன இப்போ?”

திரையை விலக்கிக்கொண்டு இயக்குநர் வந்தார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ‘பிரேக்கை மிதி, பிரேக்கை மிதி’ என்று நாள் முழுக்கக் கத்தி, சாதாரணமாகப் பேசுவதே மறந்துபோனவர். விழுந்த இளவரசி இவருடைய மனைவி. பியானோ வாசிக்கும் அம்மா இவரைப் பெற்றவர். நாடகமே பாதிக்குமேல் ஒரே வீட்டுச் சமாசாரம்.

“என் பொண்டாட்டி கால் ஒடைஞ்சு கிடக்கா. நீங்க புருஷனைக் காப்பாத்தத் துப்பறிய வந்துட்டீங்களா?”

“கோஷ்டிப் பாட்டுக்கு முன்னாடி முடிச்சைத் தொட்டுப் பாத்தேன், சரியா இருந்துச்சுன்னு அவர் சொல்றார்” என்றாள் அண்ணி, குரலை உயர்த்தாமல். “அந்தப் பாட்டு முடிஞ்சதும் கயிறு ஓடியிருக்கு. நடுவுல இந்த மூலைக்கு யார் வந்தது?”

“யாரும் வரலைம்மா” என்றார் தலைவர். “வர ஆளே இல்ல. எங்களுக்கு ஆள் பத்தாது. கோஷ்டிப் பாட்டுல ஊர் ஜனம் வேணும்னு மொத்தப் பேரும் மேடை ஏறிடுவோம். தையல்காரம்மா, டிக்கெட் கிழிக்கிறவர், நான், இளவரசி, உங்க வீட்டுக்காரர், எல்லாரும். ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டுதான் நின்னோம்.”

“பியானோ அம்மா?”

தலைவர் கீழே கையைக் காட்டினார். மேடைக்குக் கீழே, இதே பக்கம், ஒரு மரத் தடுப்பு. சாயம் போன பியானோ அரண்மனைக்குப் பொருந்தாது என்று மறைத்து வைத்திருக்கிறார்கள். இடி மின்னல் சத்தத்துக்கான ஒலிப்பெட்டியும் அந்த மறைப்புக்குள்தான் இருக்கிறது.

“ஆள் தெரியாது. வாசிப்பு கேட்டுக்கிட்டே இருந்துச்சே. பாட்டு முடியறவரைக்கும் நிக்கலை.”

“நிக்கலையா?” இயக்குநர் எகிறினார். “நின்னு நின்னுதானே என் மானத்தை வாங்கிச்சு! பல் டாக்டர்தான் விளக்கு ஏத்தறவன் வேஷம். அன்னைக்குன்னு பாத்து அவன் வரலை. நான் மேடையில நின்னு கத்திச் சொல்லிட்டு, அவன் வரியை நானே பாடினேன். சரியான இடத்துல எடுத்தேன். பியானோ வரலை! ரெண்டாவது சரணம், மறுபடி அதே. நில்லாதேன்னு கத்தினேன். மூணாவது சரணத்துலயும் அதே! எல்லாரும் சிரிச்சாங்க. டிக்கெட் கிழிக்கிறவன் சிரிச்சான், அங்கயே அவனைக் கிழிச்சேன். தையல்காரம்மாவைத் திட்டினேன். இதோ, இந்தத் தலைவரையும் விடலை.”

“ஆமா, என்னையும் திட்டினார்” என்றார் தலைவர், பெருமையாகவே.

“சரி, அது போகட்டும்” என்று இயக்குநர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். “ஆறு மணிக்குப் புகார். அவ்வளவுதான்.”

மனைவி கால் ஒடிந்ததைச் சொன்னபோது வராத ஆத்திரம், பாட்டில் சறுக்கியதைச் சொன்னபோது இந்த மனிதருக்கு வந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்ல வேளையாக அண்ணி என் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தாள்.

படியில் இறங்கும்போதே சொன்னேன். “அண்ணி, மேடையில இல்லாதவன் ஒரே ஒருத்தன். பல் டாக்டர். ஊரே பாடிட்டிருக்கும்போது பின்வாசல் வழியா வந்து அவிழ்த்துட்டுப் போயிருக்கான். பிடுங்கறதுதானே அவன் தொழில்?”

“காரணம்?”

“அதை அவன் வாயைத் திறக்க வெச்சுக் கேப்போம்.”

“சரி, வண்டியை எடு. ஆறு மணிக்குள்ள போகணும்.”

வண்டியின் பின்சீட்டில் அண்ணன் இருந்தான். இரண்டு உள்ளங்கையிலும் கட்டு. ஓடிய கயிற்றை விடாமல் பிடித்ததில் தோல் உரிந்திருந்தது. உள்ளே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

“ஏங்க, கொக்கியைப் பத்தி இன்னொரு தடவை சொல்லுங்க” என்றாள் அண்ணி.

“எத்தனை தடவை சொல்றது? கட்டையில போட்ட முடிச்சு ஒண்ணு. அதுபோக, கயிறு ஒரு கொக்கியிலயும் மாட்டியிருக்கும். எங்க வேலையில ஒண்ணு விட்டா இன்னொண்ணு பிடிக்கணும். அதே பழக்கம். அதை யார்கிட்டயும் சொல்லிக்கலை. இறக்கறதுக்கு முன்னாடி கொக்கியை எடுத்துடுவேன்.”

“எடுத்தீங்க.”

“எடுத்தேன். எப்பவும் தொளதொளன்னு இருக்கும். அன்னைக்கு இறுகிக் கிடந்துச்சு. பாரமெல்லாம் கொக்கி மேலேயே இருந்திருக்கு. இருட்டு. மேடையில நிசப்தம். என்னடா இதுன்னு நினைச்சுக்கிட்டே பலம்கொண்ட மட்டும் இழுத்து எடுத்தேன். எடுத்தது நான்தானே? அந்தப் பொண்ணைத் தள்ளிவிட்டது நான்தான்.”

“அதாவது, நீங்க எடுக்கறதுக்கு முன்னாடியே முடிச்சை யாரோ அவிழ்த்துட்டாங்க.”

“யாரு நம்புவாங்க?”

“நீயே நம்ப மாட்டேங்கறியே!” என்று கத்தினேன். “பழியைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டுத் தாலாட்டிட்டிருக்கே! ஊரான் திட்டினாக்கூடப் பொறுத்துக்குவேன் அண்ணா, நீ உன்னையே திட்டிக்கிறதை என்னால கேக்க முடியலை.”

அவன் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் கோபத்தை வண்டியின் கியரில் காட்டினேன்.

பல் டாக்டரின் கிளினிக்கில் உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் வந்தது. பியானோவும் ஓர் ஆண் குரலும். நடுநடுவே பல் குடையும் மெஷின். காத்திருந்த நோயாளிகள் வலியைவிடப் பயங்கரமான எதையோ எதிர்பார்க்கிறவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள்.

உள்ளே நாற்காலியில் ஒருவர் வாயைப் பிளந்தபடி படுத்திருந்தார். டாக்டர் பாட்டை நிறுத்தினார்.

“முந்தாநாள் சாயங்காலம் எங்கே இருந்தீங்க?” என்றேன், முறைத்துக்கொண்டே.

“இங்கேதான். இவருக்குத்தான் தாடை வீங்கிடுச்சு. அவசரம். விட்டுட்டு வர முடியலை.”

நாற்காலியில் இருந்தவர் பஞ்சு அடைத்த வாயோடு என்னைப் பார்த்துப் பலமாகத் தலையாட்டினார். அவர் மனைவியும் ஓரமாக நின்று தலையாட்டினாள். “எட்டு மணி வரைக்கும் எங்களைப் பாட்டு வேற கேக்க வெச்சார்” என்றாள்.

என் கேஸ் அங்கேயே படுத்துவிட்டது. வண்டியில் வரும்போது மனசுக்குள் அவருக்கு விலங்கு மாட்டி, நாலு கேள்வி கேட்டு, அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கவும் வைத்திருந்தேன். எல்லாம் வீண்.

அண்ணி என்னைக் கண்டுகொள்ளவில்லை. மேஜையில் இருந்த போனைக் காட்டினாள். “இந்தப் பியானோ?”

“பியானோ அம்மா வாசிச்சுப் பதிவு பண்ணிக் கொடுத்தாங்க. நான் வீட்டுல பழகறதுக்காக.”

“கோஷ்டிப் பாட்டு இருக்கா? போட்டுப் பாடிக் காட்டுங்களேன்.”

டாக்டருக்கு இரண்டாம் தடவை கேட்க வேண்டியிருக்கவில்லை. போட்டார். பியானோ துள்ளிக்கொண்டு போனது. அவர் வரி வரும் இடத்தில் வாசிப்பு சற்றே நின்றது. டாக்டர் மூக்கால் ஒரு நீள மூச்சை இழுத்தார், நெஞ்சை நிமிர்த்தினார், பிறகு பாடினார். வாசிப்பு அவரோடு சேர்ந்துகொண்டது.

“உங்களுக்காக நிக்குதே” என்றாள் அண்ணி.

“எனக்கு மூச்சு பத்தாது. மேடையிலயும் அந்த அம்மா எனக்காக நிறுத்திப் பிடிச்சுக்குவாங்க. ரொம்ப நல்ல மனசு. அதனாலதான் பதிவுலயும் அப்படியே வாசிச்சிருக்காங்க.”

“மூணு சரணத்துலயுமா?”

“மூணுலயும்.”

அண்ணி நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். அவள் கத்துகிறவள் இல்லை. கோபம் வந்தால் செருப்பை மாட்டவே நேரம் எடுத்துக்கொள்வாள். இப்போது வாசலில் நின்று ஒரு செருப்பை இரண்டு தடவை மாட்டினாள்.

“அந்த இயக்குநர் பியானோமேல பழி போட்டாரே, நீ என்ன நெனச்சே?”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். வேற என்ன?”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். கூடம் நெஜமாவே கோணலா இருந்துச்சுன்னா?”

எனக்குப் புரிந்தும் புரியாமலும் இருந்தது. டாக்டரிடம் இருந்த பியானோப் பதிவை அவள் தன் போனில் வாங்கிக்கொண்டது மட்டும் தெரிந்தது.

நாங்கள் போனபோது கமிட்டி கூடியிருந்தது. மேடைக்குக் கீழே வட்டமாக நாற்காலிகள். நடுவில் சக்கர நாற்காலியில் இளவரசி. ரயில் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்க்கும் பெண். கட்டுப் போட்ட காலை நீட்டி, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். வலியோடு இருப்பவளைச் சாட்சி சொல்ல இழுத்து வந்திருந்தார் இயக்குநர். பியானோ அம்மா விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அண்ணன் வழக்கம்போல வண்டியிலேயே இருந்துவிட்டான்.

“புகார்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு பாட்டு கேக்கணும்” என்றாள் அண்ணி. “கோஷ்டிப் பாட்டு. அம்மா வாசிக்கட்டும், சார் பாடட்டும். முந்தாநாள் மாதிரியே.”

“இங்க என்ன கச்சேரியா நடக்குது?”

“விழுந்தவ நான்” என்றாள் இளவரசி. “நான் கேக்கறேன். பாடுங்க.”

பியானோ அம்மா தடுப்புக்குப் பின்னால் போனார். வாசிப்பு தொடங்கியது. இயக்குநர் பாடினார். டாக்டரின் வரி வந்தது, சரியாக எடுத்தார். பியானோ சரியாகக் கூடவே வந்தது. இரண்டாவது சரணம், மூன்றாவது சரணம், எங்கேயும் பிசகவில்லை. தாயும் பிள்ளையும் அவ்வளவு பொருத்தம்.

“ரொம்ப அழகு” என்றாள் அண்ணி. “முந்தாநாளும் இதே அம்மா, இதே மகன். அன்னைக்கு மட்டும் ஏன் நின்னுச்சு?”

பியானோ அம்மா தடுப்பைத் தாண்டி வந்தார். “பழக்கதோஷம். தினமும் டாக்டருக்காக நிறுத்தறேன். அன்னைக்கும் நின்னுடுச்சு.”

“ஒரு தடவை பழக்கதோஷம், ஒத்துக்கறேன். மகன் நில்லாதேன்னு மேடையிலிருந்து அலறுறார். அதுக்கப்புறமும் அடுத்த சரணத்துல நிக்குமா? கத்தினா மனுஷங்க திருந்துவாங்கம்மா. பொட்டிதான் திருந்தாது.”

அண்ணி போனை உயர்த்திப் பிடித்தாள். கிளினிக்கில் கேட்ட அதே வாசிப்பு. “சார், இதுக்குப் பாடுங்க.”

இயக்குநர் பாடவில்லை. பாடாமலே எல்லாருக்கும் கேட்டது. அந்த வரி வரும் இடத்தில் பியானோ நின்றது. இரண்டாவது தடவையும் நின்றது. மூன்றாவது தடவையும். அன்று சிரித்த தையல்காரம்மா இப்போது வாயில் கையை வைத்துக்கொண்டார்.

“டாக்டருக்காகப் பதிவு பண்ணின வாசிப்பு இது. அன்னைக்கு இந்த ஹால்ல இல்லாத டாக்டருக்காகப் பியானோ மூணு தடவை காத்திருந்திருக்கு. ஏன்னா, அன்னைக்குப் பியானோவே வாசிக்கலை. தடுப்புக்குப் பின்னாடி இருக்கிற இடிச் சத்தப் பெட்டிதான் வாசிச்சுது. மேடையில எல்லாரும் தொண்டை கிழியப் பாடும்போது யாருக்கு வித்தியாசம் தெரியப்போகுது? அம்மா அந்த நேரம் அந்தத் திரைக்குப் பின்னாடி இருந்தாங்க.”

எனக்கு அந்த அம்மாமேல் பாய வேண்டும் போல இருந்தது. இரண்டு நாளாக அண்ணன் சாப்பிடவில்லை. இவர் அண்ணனின் கட்டுப் போட்ட கையைப் பார்த்து ‘பாத்துச் செஞ்சிருக்கலாமேப்பா’ என்று சொன்னவர்.

“ஆமா, நான்தான்” என்றார் பியானோ அம்மா. அழவில்லை, கோபமாகவே சொன்னார். “நிலா வர்ற இடத்துல முதல்ல என் தனி வாசிப்பு இருந்துச்சு. நாடகத்துலயே நான் தனியா வாசிக்கிற இடம் அது ஒண்ணுதான். இவன் ஒரு வார்த்தை கேக்காம வெட்டினான். நிலா இறங்கும்போது நிசப்தம் வேணுமாம். நிலா உடைஞ்சா அந்த இடம் எனக்குத் திரும்பி வரும்னு நெனச்சேன். பாட்டு நடக்கும்போது எல்லாரும் மேடையில இருப்பாங்க, நிலா காலியா இருக்கும். காலி நிலாதானே விழப்போகுது? அவிழ்த்தேன். விழலை. எதுவோ பிடிச்சுக்கிச்சு. பாட்டு முடியப்போகுது, திரும்பக் கட்டத் தெரியலை. சும்மா சுத்தி வெச்சுட்டு ஓடி வந்துட்டேன்.”

“என் அண்ணன் மாட்டின கொக்கிதான் பிடிச்சுது!” என்று கத்தினேன். “யார் தலையிலயும் விழக்கூடாதுன்னு மாட்டினது! உங்க மருமக ஏறும்போது நில்லுன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?”

“அதான் விழலையே, பத்திரமாத்தான் இருக்குன்னு நெனச்சேன். சொன்னா எல்லார் முன்னாடியும்...”

அண்ணி அவரை விட்டுவிட்டு இயக்குநர் பக்கம் திரும்பினாள்.

“சார், அன்னைக்கு நீங்க டிக்கெட்காரரைத் திட்டினீங்க. தையல்காரம்மாவைத் திட்டினீங்க. தலைவரையே திட்டினீங்க. உங்க மானத்தை வாங்கினது பியானோ. நில்லாதேன்னு கத்தினதோட விட்டுட்டீங்களே, பியானோ அம்மாவை மட்டும் ஏன் திட்டலை?”

“அம்மாவை எப்படி...”

“தினமும் திட்டுவாரே” என்றார் டிக்கெட் கிழிக்கிறவர். அவருக்கும் ஒரு கணக்கு பாக்கி இருந்திருக்கும். “அம்மான்னும் பாக்க மாட்டார்.”

“திட்டத்தான் போயிருக்கார்” என்றாள் அண்ணி. “பாட்டு முடிஞ்ச சூட்டோட தடுப்புக்குப் பின்னாடி போயிருக்கார். அங்க ஆள் இல்ல, பெட்டி மட்டும் பாடி முடிச்சிருக்கு. அம்மா கயிறு இருக்கிற மூலையிலிருந்து ஓடி வர்றதைப் பாத்திருக்கார். வாயை மூடிக்கிட்டார். அன்னையிலிருந்து மூடினதுதான்.”

இயக்குநர் தலையைக் குனிந்துகொண்டார். எங்கள் எல்லாருக்கும் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் இளவரசி சக்கரத்தை உருட்டிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

“நீங்க பாத்தப்போ நான் எங்கே இருந்தேன்?”

அவர் மேடைப் பக்கம் பார்வையைத் திருப்பினார்.

“நான் சொல்றேன். ஏணியில ஏறிட்டிருந்தேன். அத்தை எங்கேயிருந்து ஓடி வந்தாங்கன்னு பாத்துட்டு, மேடைக்கு வந்து என்னை நிமிர்ந்து பாத்தீங்க. ‘சீக்கிரம் ஏறு, நேரமாச்சு’ன்னு சொன்னீங்க.”

“ஏதோ சின்ன விஷயம்னு நெனச்சேன்... ஒத்திகை ஏற்கெனவே லேட்...”

“கயிறைப் பாருன்னு ஒரு வார்த்தை. ஊரையே திட்டற வாய். ஒரு வார்த்தை வரலை உனக்கு.”

‘நீங்க’ போய் ‘உனக்கு’ வந்துவிட்டது. பியானோ அம்மா நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

தலைவர் எழுந்து தொண்டையைச் செருமினார். “சரி சரி, நடந்தது நடந்துபோச்சு. இது குடும்ப விஷயம். நாலு சுவருக்குள்ள பேசித் தீர்த்துக்கலாம். புகார் வேணாம். குழுவுக்கும் கெட்ட பேரு.”

நான் நாற்காலியை எட்டி உதைத்தேன். அது தலைவரின் காலடியில் போய் விழுந்தது. “லிஃப்ட்காரன்னா போலீஸ். உங்க வீட்டு ஆளுன்னா குடும்ப விஷயமா? எந்தக் கடையில சார் வாங்கினீங்க இந்தக் கண்ணாடியை?”

“தம்பி, உணர்ச்சிவசப்படாதீங்க. உங்க அண்ணன்மேல தப்பில்லைன்னு இப்போ எங்க எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே. அது போதாதா?”

“போதாது.”

திரும்பினோம். வாசலில் அண்ணன் நின்றிருந்தான். என் சத்தம் வண்டிவரை கேட்டிருக்க வேண்டும். எப்போது வந்தான், எவ்வளவு கேட்டான் என்று தெரியாது. அவன் முகத்தில் இரண்டு நாளாக இருந்த அந்தச் சாவு களை இல்லை. நான் பிறந்ததிலிருந்து அவனை அவ்வளவு கோபமாகப் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

“உங்களுக்குத் தெரிஞ்சா என் பை திரும்பி வருமா?” என்றான். “கை எரிஞ்சது எனக்கு வலிக்கலை. அந்தப் பொண்ணை நான்தான் தள்ளிட்டேன்னு நெனச்சு ரெண்டு நாளா செத்துப் பிழைச்சேன். அதை நெனக்க வெச்சது நீங்க. சார், என் முதலாளிக்கு நீங்கதானே போன் போட்டீங்க?”

“நாளைக்கு நானே நேர்ல போய்ப் பேசிடறேன்” என்றார் இயக்குநர், முதல் தடவையாகச் சாதாரணக் குரலில்.

“நாளைக்கு வேணாம். போன்ல கெடுத்த பேரு போன்லயே சரியாகணும். இப்போ. இவங்க எல்லாரும் கேக்கும்படியா.”

இயக்குநர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். பார்த்தார். தாயைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். “பெரிய விஷயமாயிடும்... அவங்க வயசானவங்க... என்னன்னு சொல்றது...” விரல் நகரவில்லை.

“ஏங்க, விடுங்க, நான் பேசறேன்” என்று அண்ணி எழுந்தாள்.

“நீங்க பேசினா பொண்டாட்டி பேசறான்னு சொல்லுவாங்க அக்கா” என்றாள் இளவரசி. கையை நீட்டிப் புருஷனின் போனைப் பிடுங்கினாள். அவர் தடுக்கவில்லை. எண்ணைத் தேடி, சத்தத்தைக் கூட்டி, மடியில் வைத்துக்கொண்டாள். மணி அடித்தது. அந்தப் பக்கம் ஒரு கனமான குரல், ‘சொல்லுங்க டைரக்டர் சார், புகார் கொடுத்தாச்சா?’ என்றது.

“டைரக்டர் இல்ல சார்” என்றாள் அவள். “நிலாவிலிருந்து விழுந்தவ பேசறேன். உங்க மெக்கானிக்கைக் கூப்பிட்டு அந்தப் பையைக் கொடுங்க. அவிழ்த்தது யாரு, பாத்துட்டுச் சும்மா இருந்தது யாருன்னு பேரோட சொல்றேன். ரெண்டு பேரும் என் வீட்டு ஆளுங்கதான்.”